முன்சீப் முதல் உச்ச நீதிமன்றம் வரை... பாத்திமா பீவியைத் தெரியுமா?

1950 ஜனவரியில் நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 14-ல் பத்தனம்திட்டாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். அந்த உச்ச நீதிமன்றத்துக்கே முதல் பெண் நீதிபதியாக அவர்தான் வரப்போகிறார் என்று அன்று யாருக்குத் தெரியும்? அவர்தான் பாத்திமா பீவி!

🔹 கல்லூரியில் அவர் படித்தது வேதியியல் என்பது தெரியுமா? சட்டம் படிக்கச் சொன்னவர் அப்பா மீரா சாகிப். 1937-லேயே திருவிதாங்கூரில் முன்சீப் ஆகிவிட்ட அன்னா சாண்டியைப் பார்த்து அப்பாவுக்கு வந்த ஆசை அது!

🔹 பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பிடித்துத் தங்கப் பதக்கம் வென்ற முதல் பெண்ணும் அவரே!

🔹 அவர் ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை! 1958-ல் முன்சீப், 1968-ல் சார்பு நீதிபதி, 1972-ல் தலைமைக் குற்றவியல் நடுவர், 1974-ல் மாவட்ட நீதிபதி, 1980-ல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாய உறுப்பினர், 1983-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. ஒவ்வொன்றும் உழைத்து ஏறிய படி!

🔹 இதைக் கேட்டால் வியந்துபோவீர்கள். 1989 ஏப்ரலில் 62 வயது நிறைந்து உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதானே நினைப்போம்? அதே ஆண்டு அக்டோபர் 6-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றார்! ஒரு பெண் அந்த இருக்கையில் அமர 39 ஆண்டுகள் ஆகியிருந்தன. நாட்டின் உயர் நீதித்துறையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் பெண்ணும் அவரே!

🔹 1992-ல் அவர் ஓய்வு பெற்றபின் அடுத்த பெண் நீதிபதி எப்போது வந்தார் தெரியுமா? 1994-ல், சுஜாதா மனோகர்! இடைப்பட்ட காலத்தில் அங்கே ஒரு பெண்கூட இல்லை.

🔹 நமக்கும் அவர் அந்நியர் அல்லர். 1997 முதல் 2001 வரை கிண்டி ராஜ்பவனில் இருந்த தமிழ்நாட்டின் முதல் பெண் ஆளுநர் அவர்தான்!

2023 நவம்பர் 23-ல், 96 வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

மகளுக்கு எது சரிப்படும் என்று யோசிக்கும் பெற்றோரே, மீரா சாகிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அப்பா சொன்ன ஒரு வார்த்தையில் தொடங்கியதுதான் இத்தனையும்!