வலி அறிவோம் - 9: கணக்கில் வராத பாதங்கள்

உடல் முழுக்கப் பரவி நீடிக்கும் வலி நோயான ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களின் உறக்கத்தைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். இரவு முழுக்கப் படுத்திருந்தும் அசதி தீராமல் விழிக்கிறார்கள் என்று பார்த்தோம். இந்த வாரம் அவர்கள் கட்டிலை விட்டு இறங்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றும் இடத்துக்கு வருவோம்.

"காலைத் தரையில வைக்க முடியல." "உள்ளங்கால் திகுதிகுன்னு எரியுது." "கொஞ்ச நேரம் நின்னாலே மதமதன்னு ஆயிடுது." "ராத்திரியில கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்குது." "நடக்கும்போது தள்ளுது." இந்த நோய் உள்ளவர்களிடம் இப்படிப்பட்ட பேச்சைச் சாதாரணமாகக் கேட்கலாம். ஆனால், கழுத்து, தோள், முதுகு, இடுப்பு என்று மேலிருந்து இறங்கும் பரிசோதனை பல நேரம் முழங்காலோடு நின்றுவிடுகிறது. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. மருத்துவர்களின் நேரமின்மையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. இந்த நோயை அடையாளம் காண வகுத்த விதிகளிலேயே பாதத்துக்கு இடம் ஒதுக்கவில்லை.

முழங்காலோடு நின்ற விரல்

அமெரிக்க வாதநோய் மருத்துவர் ஃப்ரெடரிக் வுல்ஃப் தலைமையிலான குழு வகுத்த விதிகளை 1990-ல் அமெரிக்க வாதநோய்க் கழகம் வெளியிட்டது. உடலில் 18 புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுமார் 4 கிலோ எடைக்குச் சமமாக விரலால் அழுத்த வேண்டும். 11 புள்ளிகளிலாவது வலித்தால், உடல் முழுக்கப் பரவிய வலியும் 3 மாதங்களுக்குக் குறையாமல் இருந்தால், அது ஃபைப்ரோமயால்ஜியா. பின்மண்டையின் அடியில் தொடங்கி, கழுத்து, தோள், விலா, முழங்கை, பிட்டம், இடுப்பின் பக்கவாட்டு என்று இரண்டிரண்டாக இறங்கும் அந்தப் புள்ளிகளில் கடைசி இரண்டும் முழங்கால்களின் உட்புறத்தில் இருந்தன. அதற்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

2010-ல் விதிகளை மாற்றியபோது விரலால் அழுத்தும் முறையைக் கைவிட்டார்கள். உடலை 19 பகுதிகளாகப் பிரித்து, கடந்த வாரத்தில் எங்கெல்லாம் வலித்தது என்று நோயாளியையே கேட்டார்கள். அசதி, உறக்கம், மறதி ஆகியவற்றுக்கும் மதிப்பெண் வந்தது. தாடைக்குக்கூட இடம் கிடைத்தது. கீழ்க்கால் என்ற பகுதி உண்டு. பாதம் என்ற தனிப் பகுதி இல்லை.

விதிகளை வகுத்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. இந்த நோயை மற்ற வலி நோய்களிலிருந்து பிரித்து அறிவதற்கு எவை உதவுமோ அவற்றைத்தான் அவர்கள் தேர்ந்தார்கள். எங்கெல்லாம் வலிக்கும் என்று பட்டியலிட அவர்கள் உட்காரவில்லை. ஆனால், படிவத்தில் இல்லாத கேள்வி மருத்துவமனையிலும் கேட்கப்படாமல் போகிறது. கேட்காததால் நோயாளியும் சொல்வதில்லை. "இத்தனை வலிக்கு நடுவுல கால் வலியை வேற சொல்லணுமா" என்று விழுங்கிவிடுகிறார்.

சாதாரண அழுத்தமே வலியாகும்போது

ரிச்சர்ட் கிரேஸ்லி என்ற ஆய்வாளரின் குழு 2002-ல் ஒரு முக்கியமான சோதனையின் முடிவை வெளியிட்டது. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கட்டைவிரல் நகத்தை அழுத்தினார்கள். நோய் இல்லாதவர்களுக்கு வலிக்கத் தேவைப்பட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியே நோயாளிகளுக்கு அதே அளவு வலியைத் தந்தது. அவர்களுடைய மூளையில் வலியை உணரும் பகுதிகளும் அந்தக் குறைந்த அழுத்தத்திலேயே விழித்துக்கொண்டது ஸ்கேனில் தெரிந்தது. வலி கற்பனை என்ற பழிச்சொல்லுக்கு மருத்துவம் தந்த வலுவான பதில்களில் இது ஒன்று.

இதைப் பாதத்துக்குப் பொருத்திப் பாருங்கள். உடலில் வேறு எந்தப் பகுதியையும்விட அதிக அழுத்தத்தை நாள்தோறும் வாங்குவது பாதம். சாதாரணமாக நடக்கும்போதே ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைவிடச் சற்றுக் கூடுதலான விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் பாதம் ஏறக்குறைய 70 கிலோவைத் தாங்குகிறது. வீட்டு வேலையை மட்டும் செய்பவரும் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடிகள் எடுத்துவைக்கிறார். மற்றவர்களுக்கு வெறும் தொடுகையாகத் தெரியும் அந்த அழுத்தம் இவருக்கு வலியாகத் தெரிகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. வீக்கமும் இருக்காது. வலி மட்டும் இருக்கும்.

எரியும் உள்ளங்கால்

எரிச்சலுக்கும் ஊசி குத்துவது போன்ற உணர்வுக்கும் இன்னொரு விளக்கம் 2013-ல் கிடைத்தது. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆன் லூயிஸ் ஓக்லாண்டரின் குழு, 27 ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளின் கணுக்காலுக்கு மேலே சிறு துளி தோலை எடுத்து ஆராய்ந்தது. அவர்களில் 41 சதவீதம் பேருக்குத் தோலில் உள்ள மிக மெல்லிய நரம்பு இழைகள் குறைந்திருந்தன. நோய் இல்லாதவர்களில் அது 3 சதவீதம். அதே ஆண்டில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரத்து ஆய்வாளர்களும் இதே போன்ற முடிவை எட்டினார்கள். பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் குறை தெரிந்தது. வலிக்கு அது காரணமா, அல்லது நெடுநாள் வலியின் விளைவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

நோயாளி இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வழக்கமான நரம்புக் கடத்தல் பரிசோதனை, தடித்த நரம்பு இழைகளைத்தான் அளக்கும். மெல்லிய இழைகள் பழுதாகியிருந்தாலும் அந்த அறிக்கையில் எல்லாம் சரி என்றே வரும். "நரம்பு டெஸ்ட்ல ஒண்ணும் இல்லம்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்று அதை வைத்து யாரும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அதே சமயம் உள்ளங்கால் எரிச்சல் என்றால் ரத்தச் சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு மூன்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை நோய் இத்தனை பரவிய நம் ஊரில் இதைத் தவறவிடுவது ஆபத்து.

இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்பு தனிப் பிரச்சினை. 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு இது இருந்தது. மற்றவர்களில் 100-க்கு மூவருக்கே இருந்தது. உடலின் இரும்புச் சத்துக் கையிருப்பு குறைந்தாலும் இது வரும் என்பதால் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. சரிசெய்யக்கூடிய காரணம் அது.

வெளியே தெரியாத நடை மாற்றம்

பாதத்தின் வேலை தாங்குவதோடு முடிவதில்லை. நம்மை முன்னால் தள்ளுவதும் அதுதான். கெண்டைக்கால் தசை சுருங்குகிறது, குதிகால் எழும்புகிறது, பெருவிரல் மேல்நோக்கி மடங்குகிறது. அப்போது குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தசைப்பட்டை, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றி இறுகுவதுபோல் இறுகி, பாதத்தின் வளைவை விறைப்பாக்குகிறது. இதை 1954-ல் விளக்கியவர் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். விறைத்த அந்தப் பாதத்தை ஊன்றித்தான் உடல் முன்னே போகிறது.

ஃபைப்ரோமயால்ஜியாவில் இந்தத் தள்ளல் மாறிவிடுகிறது. கனடாவின் மைக்கேல் பியரினோவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. நோயுள்ள பெண்களையும் நோயில்லாத பெண்களையும் நடக்கவிட்டு அளந்தார்கள். அடியின் நீளம், வேகம், மூட்டுகளின் கோணம், தரையில் விழும் விசை எல்லாம் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆனால், அந்த நடைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று கணக்கிட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. நோயில்லாதவர்கள் கணுக்காலால் தரையைத் தள்ளி நடந்தார்கள். நோயாளிகளோ இடுப்பின் முன்பக்கத் தசைகளால் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள்.

"பார்க்க நல்லாத்தானே நடக்கறே, அப்புறம் ஏன் இப்படி அலுத்துக்கறே" என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இந்த ஆய்வுதான் பதில். பார்வைக்கு நடை ஒன்றுதான். உள்ளே வேலை செய்யும் தசைகள் வேறு. கெண்டைக்கால் செய்ய வேண்டிய வேலையை இடுப்பு சுமந்தால் கடைத்தெரு வரை போய்வருவதற்குள் இடுப்பும் தொடையும் ஓய்ந்துபோவதில் வியப்பில்லை.

தடுமாற்றமும் இதோடு சேர்ந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், இந்த நோயுள்ளவர்களின் சமநிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. முந்தைய ஆறு மாதங்களில் அவர்கள் கீழே விழுந்த தடவைகளும் பல மடங்கு அதிகம். தரை மேடா, பள்ளமா, வழுக்குகிறதா என்று மூளைக்குச் சொல்வதில் உள்ளங்காலுக்குப் பெரும் பங்கு உண்டு. வலியும் எரிச்சலும் மதமதப்பும் நிறைந்த பாதத்துக்கு அந்த வேலை கடினமாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே தலையில் கட்ட வேண்டாம்

ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒருமுறை சீட்டில் எழுதிவிட்டால் அதன்பின் வரும் எந்த வலியையும் அதன் தலையிலேயே கட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. இது தவறு. இந்த நோய் உள்ளவருக்கு வேறு பாத நோய்களும் வரும். அவற்றில் பல, நேரடியாகக் குணமாக்கக்கூடியவை.

காலையில் முதல் சில அடிகளில் குதிகாலில் சுருக்கென்று குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் அது உள்ளங்கால் தசைப்பட்டை அழற்சியாக இருக்கலாம். விரல்களுக்கு அடியில் உள்ள மூட்டுகள் வீங்கி, காலை இறுக்கம் ஒரு மணி நேரம் நீடித்தால் முடக்குவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். அது பாதத்தில் தொடங்குவதும் உண்டு. குதிகாலின் பின்பக்க நாண் வீங்கி வலித்து, முதுகும் விடியற்காலையில் இறுகினால் தண்டுவட மூட்டழற்சி இருக்கலாம். பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கினால் யூரிக் அமிலத்தைப் பார்க்க வேண்டும். ஃபைப்ரோமயால்ஜியா தானாக மூட்டை வீங்கவைப்பதில்லை. வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் வேறு காரணம் தேடியே ஆக வேண்டும்.

அந்தக் காரணம் மருந்தாகவும் இருக்கலாம். இந்த நோய்க்கு அதிகம் எழுதப்படும் ப்ரீகாபலின் மாத்திரை சிலருக்குப் பாதத்தில் நீர் கோக்கவைக்கும், தலைசுற்றலும் தரும். மாத்திரை தொடங்கிய பின் செருப்பு இறுக்கமானாலோ தடுமாற்றம் கூடினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

நடக்கச் சொல்லும் முன்

ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2016-ல் திருத்திய பரிந்துரைகளில், ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு உறுதியாகச் சிபாரிசு செய்யப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: உடற்பயிற்சி. மாத்திரைகள் எவற்றுக்கும் அந்த அளவு வலுவான சிபாரிசு இல்லை. அதனால்தான் எல்லா மருத்துவர்களும் "நடங்க" என்கிறார்கள். அந்த அறிவுரை சரி. ஆனால், நடப்பது பாதத்தால். பாதத்தைப் பார்க்காமல் நடக்கச் சொல்வது பாதி வைத்தியம். இரண்டு நாள் நடந்து, குதிகால் வலி தாங்காமல் நிறுத்திவிடும் பெண்ணை "சொன்னதைக் கேட்கிறதில்லை" என்று கடிந்துகொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

எனவே செருப்பிலிருந்து தொடங்குங்கள். குதிகாலுக்கு மெத்தென்ற அடிப்பாகம், விரல்கள் நெருக்காத அகலம், பின்பக்கம் பிடித்துக்கொள்ளும் வார் ஆகிய மூன்றும் வேண்டும். தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பில் இவை எதுவும் இல்லை. வீட்டின் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நிற்பதும் பாதத்துக்குத் தண்டனை. வீட்டுக்குள் செருப்பு போடத் தயங்குபவர்கள், வெளியே கொண்டுபோகாத மென்மையான ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளலாம். சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஓர் உயரமான முக்காலி இருக்கட்டும். காய் நறுக்குவதற்கு நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

பாதத்துக்கென அளவெடுத்துச் செய்து காலணிக்குள் வைக்கும் உள்தாங்கிகளை, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கனடாவில் ராபர்ட் ஃபெராரி பரிசோதித்து 2012-ல் வெளியிட்டார். சில வாரங்களில் அன்றாட வேலைகள் செய்யும் திறன் கூடியது. சிறிய ஆய்வு, குறுகிய காலம். அதனால் முதலிலேயே பெரும் செலவு செய்ய வேண்டாம். கடையில் கிடைக்கும் மென்மையான உள்தாங்கியைப் போட்டுப் பார்த்து, பயன் தெரிந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

கட்டிலை விட்டு இறங்கும் முன் கணுக்கால்களை மேலும் கீழுமாகச் சில முறை அசையுங்கள். ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி உங்களை நோக்கி மெல்ல இழுத்து, கெண்டைக்காலை நீட்டுங்கள். சில வாரங்கள் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை மெதுவாக உயர்த்தி இறக்கப் பழகுங்கள். தள்ளும் வேலையை மறந்த தசைக்கு அதைத் திரும்பப் பழக்கும் பயிற்சி இது. நடையை ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். உடம்பு லேசாக இருக்கும் நாளில் ஆசைப்பட்டு இரண்டு மடங்கு நடந்தால் அடுத்த நாள்கள் படுக்கையில்தான். தரையில் நடக்கவே முடியாதவர்கள் இடுப்பளவு நீரில் நடக்கலாம்.

சீனாவின் தை சி பயிற்சியும் நல்ல வழி. எடையை ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மெல்ல மெல்ல மாற்றுவதுதான் அதன் அடிப்படை. பாஸ்டனில் சென்சென் வாங் குழுவினர் 226 நோயாளிகளிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஏரோபிக் பயிற்சிக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ தை சி பலன் தந்தது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள். எந்த இடத்தில் வலி, எந்த நேரத்தில் வலி, கடந்த ஆறு மாதங்களில் எத்தனை முறை தடுமாறினீர்கள் என்பதைச் சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள். மருத்துவ நண்பர்களிடம் என் வேண்டுகோளும் இதுதான்: இந்த நோய்க்கு நம்மிடம் இருக்கும் சிறந்த மருந்து நடை என்றால், அதை எழுதிக்கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் குனிந்து பாதத்தைப் பாருங்கள். விதிகளில் அதற்கு மதிப்பெண் இல்லாமல் இருக்கலாம். சிகிச்சை பலிக்குமா என்பதை அந்த இரண்டு நிமிடம் தீர்மானிக்கக்கூடும்.

(அடுத்த வாரம்: சொல்ல வந்த வார்த்தை நழுவும் மறதி)