வீட்டுக்கு வரும் மருந்தும் நாம் போக வேண்டிய மருத்துவமனையும்

கீழப்பாவூர் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து எங்களிடம் வருவோருக்குத் தொலைவு என்பது வெறும் கிலோமீட்டர் கணக்கு அன்று. பேருந்து வரும் நேரம், துணைக்கு வர ஓர் ஆள், அன்றைக்குப் பீடி சுற்றாததால் போகும் கூலி ஆகிய எல்லாம் சேர்ந்ததே தொலைவு. மாத்திரை தீர்ந்த பின்னும் பத்து நாள், பதினைந்து நாள் தள்ளிப்போடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதனை அலட்சியம் என்று நாங்கள் கருதுவதில்லை.

இந்தத் தொலைவைக் குறைக்கும் நோக்குடன் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கியதே 'மக்களைத் தேடி மருத்துவம்'. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, மாத்திரைகளைக் கொடுத்துச் செல்கிறார். படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கின்றன. உங்கள் வீட்டுக்கு இதுவரை யாரும் வரவில்லையெனில், கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லாச் சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டுவர முடியாது. கனடாவின் வடபகுதியில் சாலையே இல்லாத சிற்றூர்கள் பல உள்ளன. அங்கே செவிலியர்களே சுகாதார நிலையத்தை நடத்துகின்றனர். மருத்துவர் விமானத்தில் வந்து போகிறார். ஆயினும் கருவுற்ற பெண்கள் பேறுகாலத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே நகரத்துக்கு அனுப்பப்படுகின்றனர். எதை ஊருக்குக் கொண்டுவரலாம், எதற்காக நோயாளி ஊரைவிட்டு வந்தாக வேண்டும் என்ற பிரிவினை அங்குள்ளோருக்குத் தெரிந்திருக்கிறது. நம் குடும்பங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதால் மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிட்ட சிலரை நாங்கள் காண்கிறோம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் அளவு, அந்த நேரத்துச் சர்க்கரையை மட்டுமே சொல்லும். கடந்த மூன்று மாதங்களின் சராசரியை அறிய எச்பிஏ1சி சோதனை வேண்டும். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கும்போது வலி இராது. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பார்த்தே அறிய முடியும். கண்ணின் விழித்திரையும் அவ்வாறே, பார்வை மங்கும் வரை ஒன்றும் தெரியாது. ஆகவே இச்சோதனைகளுக்காக ஆண்டுக்கு ஒரு முறையேனும், எச்பிஏ1சி-க்காக மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் வர வேண்டும். வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க இயலும். இரண்டு நாள் கூலி போகாது.

அவசர நிலையில் இப்பிரிவினை இன்னும் கூர்மையாகிறது. நெஞ்சு வலிக்கும் பக்கவாதத்துக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால் நேரம் வீணாகிறது.

நடு நெஞ்சில் அழுத்துவது போன்ற வலி, வியர்வை, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை இருந்தால், தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ கார் தேடி அலையாமல் 108-ஐ அழையுங்கள்; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே செல்லுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் வேளை மருந்து இருப்பில் வைக்கப்பட்டுள்ளது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என மொத்தம் 14 மாத்திரைகள். இரத்தக்கட்டி மேலும் பெருகாமல் இருக்க இவை உதவும். அங்குள்ளோர் பார்த்து முடிவு செய்தே இதனைக் கொடுப்பர். கடையில் வாங்கித் தாமாக விழுங்கக் கூடாது. வாயுத் தொல்லை என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திருப்போர் இன்றும் உள்ளனர். வாயுவா, இதயமா என்பதை வீட்டில் இருந்தபடி மருத்துவராலும் கூற இயலாது, அதற்கு ஈ.சி.ஜி. வேண்டும்.

பக்கவாதத்தில் நிலைமை நேர்மாறானது. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் தொங்குதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்ல வேண்டும். மூளையில் அடைப்பா, இரத்தக் கசிவா என்பதை ஸ்கேன் இன்றிப் பிரித்தறிய முடியாது. அடைப்பானால், அதனைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவானால், ஆஸ்பிரின் கேடு விளைவிக்கும். ஆகவே வீட்டில் எந்த மாத்திரையும் கொடுக்க வேண்டா. விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம் என்பதால் தண்ணீரும் வேண்டா. 108 ஊழியரிடம் பக்கவாத அறிகுறி என்று தெளிவாகச் சொல்லுங்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவே. இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் இந்நிலையில் எழுந்தால், படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும், எழுந்த நேரத்தை அன்று.

பராமரிப்போர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் பெரியவர்கள் தனித்திருக்க, பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகள் இப்பகுதியில் மிகுதி. மாத்திரைகளின் பெயர்கள், ஒவ்வாமை ஏதும் இருந்தால் அது, பிள்ளையின் கைப்பேசி எண் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, மருந்துப் பையிலேயே வைத்துவிடுங்கள். தன்னார்வலர் வரும்போது அளவுகளை அதே தாளில் குறிக்கச் சொல்லலாம். அடுத்த வீட்டில் ஒருவருக்கேனும் அந்தப் பை எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.