அயர்லாந்தில் புனித இலை... நம்மூர் தொட்டியில் களை!

சங்கரன்கோவில் பக்கம் வாசலில் துளசியோ செம்பருத்தியோ தொட்டியில் வளர்ப்பவர்கள், செடியின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். இதய வடிவில் மும்மூன்று இலைகள், பொட்டு போல மஞ்சள் பூ, மண்ணை ஒட்டிப் படரும் தண்டு. யாரும் நட்டிருக்க மாட்டார்கள். முற்றிய காயைத் தொட்டாலே வெடித்து விதைகள் தெறிக்கும். தொட்டிக்குத் தொட்டி அப்படித்தான் பரவுகிறது. இதுதான் புளியாரை. பாட்டிமார் கீரை என்பார்கள். நாம் களை என்று பிடுங்கி எறிகிறோம்.

இதே சாயலில் உள்ள ஓர் இலையைத்தான் அயர்லாந்துக்காரர்கள் மார்ச் 17 அன்று சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். பெயர் ஷாம்ராக். 5-ம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பேட்ரிக், ஒரே காம்பில் உள்ள மூன்று இலைகளைக் காட்டி, ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒருவரே’ என்று விளக்கினாராம். அழகான கதை. ஆனால், அது எழுத்தில் வந்தது 1726-ல், கேலப் த்ரெல்கெல்ட் எழுதிய தாவர நூலில்தான். இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன!

சரி, ஷாம்ராக் என்பது எந்தச் செடி? அங்கேயே ஒருமித்த பதில் இல்லை. 1893-லும் 1988-லும் தாவர ஆய்வாளர்கள் மக்களையே செடி அனுப்பச் சொன்னார்கள். வந்து சேர்ந்தவை பல வகை. பெரும்பாலானவை குளோவர் என்ற தீவனச் செடி இனம். சிலர் அனுப்பியது வெள்ளைப் பூ பூக்கும் காட்டுப் புளியாரை, அதாவது நம் புளியாரையின் சொந்தக்காரச் செடி.

மூன்று இலையில் தெய்வத்தைப் பார்ப்பது நமக்குப் புதிதா என்ன? வில்வத்தின் மூன்று இலைகளைச் சிவனின் முக்கண் என்கிறோம், திரிசூலம் என்கிறோம். சங்கரன்கோவிலில் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற நாகர்கள் வாதிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். கோமதியம்மன் தவமிருக்க, வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தந்தார். பேட்ரிக் ஓர் இலையைக் காட்டிச் சொன்னதாகச் சொல்லப்படுவதை, இங்கே ஒரு திருமேனியே சொல்லிவிடுகிறது. பாவம், புளியாரைக்கு மட்டும் பூஜைத் தட்டில் இடம் கிடைக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்விட்டது.

அடுப்படிக்குப் போகும் முன் அதிர்ஷ்டக் கதையையும் பார்த்துவிடலாம். குளோவரில் நான்கு இலை வருவது அபூர்வம். அதனால் கிடைத்தால் யோகம் என்பது ஐரோப்பிய நம்பிக்கை. ஆனால், ‘லக்கி குளோவர்’ என்று தொட்டியில் விற்கப்படுவது பெரும்பாலும் மெக்சிகோவைச் சேர்ந்த புளியாரை இனம். அதற்கு எப்போதுமே நான்கு இலைதான்! நம் வயல் வாய்க்காலில் முளைக்கும் ஆரைக்கீரைக்கும் அப்படியே. ஆரை போல இருந்து புளிப்பதால்தான் இது புளியாரை. அதிர்ஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் வாய்க்கால் பக்கம் ஒரு நடை போய் வரலாம்.

துவையலுக்குப் புளியே தேவையில்லை. நல்லெண்ணெயில் உளுந்து, வத்தல் வறுத்து, கீரையை வதக்கி, தேங்காய், உப்பு சேர்த்து அரைத்தால் போதும். வதக்க அலுமினியம், பித்தளைச் சட்டி வேண்டாம். மீந்த இலையால் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்துப் பாருங்கள், பளிச்சென்று ஆகும். இரண்டுக்கும் காரணம் இதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம்.

அதே அமிலம்தான் எச்சரிக்கையும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் அளவாக, எப்போதாவது சாப்பிடலாம். சாலையோரத்திலும் களைக்கொல்லி அடித்த இடத்திலும் பறிக்காதீர்கள். மாலையில் இலைகள் குடை மடக்கியது போலக் கூம்பிவிடும். அடையாளம் பார்த்துப் பறிக்கக் காலை நேரமே வசதி.