விடுமுறைக் கதைகள்

ஆகஸ்டு மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு, யாழ்ப்பாணத்திலிருந்தும் கடல்கடந்த தேசங்களிலிருந்தும் வந்த பந்துக்களால் கொழும்பு வெள்ளவத்தை மாடிவீடுகள் நிறைந்துவிடும் நாட்களில், மத்தியான போசனத்துக்குப் பின் கைமாறும் நாவல்கள் பெரும்பாலும், மறைத்துவைத்த ஒரு குடும்ப ரகசியத்தையும், அது அம்பலமானபின் வாழ்வைப் புதிதாகத் தொடங்கும் ஒரு ஜீவனையுமே ஆதாரமாகக் கொண்டவை. "அக்கா, வாசிச்சு முடிச்சிட்டீங்களோ?" என்று அடுத்த வீட்டுப் பெண் கேட்டு வாங்கிச் செல்லும் அப்புத்தகத்துக்குப் பத்திரிகைத் தாளில் உறை, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை.

இவற்றைப் பொழுதுபோக்கென்று பண்டிதர்கள் ஒதுக்குவதுண்டு. சபையில் வாய்திறந்து பேசவொண்ணாத சீதன வழக்கையும் கலியாணத் தடையையும் கதாபாத்திரங்களின் பெயரால் பேச இடந்தரும் நூலை நான் ஒதுக்கமாட்டேன்.

இத்தகைய கதைகளைத் தாங்கிவந்த தமிழகத்துச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு 1970களின் ஆரம்பத்தில் கட்டுப்பாடு வந்தபோது, 1930இல் தோன்றிய 'வீரகேசரி' நாளிதழ், கொழும்பில் கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸிலிருந்து ஈழத்து நாவல்களை மலிவு விலையில் பிரசுரிக்கலாயிற்று. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' அவ்வரிசையில் வெளிவந்து, 1978இல் திரைப்படமுமாயிற்று. 1973இல் வந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யோ, வன்னியின் தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில், தகப்பனின் சம்மதமின்றி மணந்து, தனிக்குடிசை போட்டு வாழத் தொடங்கிய கதிராமனையும் பதஞ்சலியையும் பற்றியது; அவர்களிடையே புகுந்த ரகசியத்தை இங்கே சொல்லி, வாசிக்கப் போகிறவரின் சுவையைக் கெடுப்பது நியாயமன்று. இறக்குமதியான கண்ணீர்க் கதைகள் பத்தினும் இவ்வொன்றே மேல்.