சட்டத்தின் பலனை அறிவது எப்படி?

புகைத்தலைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் இயற்றப்படுகின்றன. அவற்றால் நன்மை விளைந்ததா என்பதை எவ்வாறு அறிவது?

பால்மரத் தோட்டத்தில் ஒரு நிரைக்குப் புதிய உரமிட்டு, அடுத்த நிரையை அப்படியே விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. 2005 ஆம் ஆண்டில் மலேசியாவிலும் தாய்லாந்திலும் தொடங்கிய அனைத்துலக ஆய்வும் அத்தகையதே. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அதில் பங்கேற்றது. நாட்டிற்குச் சுமார் 2,000 புகைப்பவர்களைக் கண்டு வினவினர். பின்னர் இயன்றவரை அவர்களையே மீண்டும் வினவினர்.

அவ்வாண்டில் தாய்லாந்து, சிகரெட்டுப் பெட்டிகளில் எச்சரிக்கைப் படங்களை அச்சிட்டது. மலேசியாவில் அப்போது எழுத்து மட்டுமே இருந்தது. படங்கள் வந்தபின், தாய்லாந்தில் தீங்கினை எண்ணுவோரும் நிறுத்த நினைப்போரும் பெருகியதை ஆய்வு காட்டிற்று. மலேசியாவில் படங்கள் 2009 இல் வந்தன.

உணவகங்களில் புகைத்தல் 2019 இல் தடைசெய்யப்பட்டது. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகளின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உடையோரில் புகைப்பவர்கள் 2015 இல் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர். 2023 இல் ஏறத்தாழ 19 பேர்.

நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்களே! ஆய்வாளர் தங்கள் இல்லம் வந்தால், வீட்டார்முன் கூச்சப்பட்டு உண்மையை மறைக்காதீர்கள். மறைத்த விடை, தோட்டங்களின் துன்பத்தையும் மறைத்துவிடும். புகைத்தலை நிறுத்த விரும்புவோர்க்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உதவி உண்டு. நாடிப் பயன்பெறுவீர்!