நரம்பு நசுங்கும் இடம் எது?

தைராய்டு கோளாறு கண்ணைப் பாதிக்கும் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பிதுங்கிய விழிகள்தான். அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்த நோயில், தைராய்டைத் தூண்டிவிடும் எதிர்ப்புரதங்கள் கண்ணுக்குப் பின்னாலுள்ள திசுக்களையும் தாக்குகின்றன. விழியை அசைக்கும் தசைகள் வீங்குகின்றன, கொழுப்பு பெருகுகிறது. கண்குழியின் கொள்ளளவோ சுமார் 30 மில்லிலிட்டர். சுற்றிலும் எலும்பு இருப்பதால், விழி முன்னே தள்ளப்படுகிறது.

இப்படிப்பட்டவருக்குக் கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்தால் வழக்கமான 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கலாம். பார்வையும் மங்கியிருந்தால் கண் அழுத்த நோயான கிளாக்கோமா என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். ஆனால் அந்த அழுத்தம் வேறு வழியிலும் வந்திருக்கலாம். கண்குழி நெருக்கமாகும்போது விழியிலிருந்து இரத்தம் வடியும் சிரைகளில் அழுத்தம் கூடுகிறது. விழியின் அடிப்புறத் தசை இறுகிப்போனால், மேலே பார்க்கும்போது அது விழியை அழுத்துகிறது. அதனால் நேராகப் பார்க்கும்போது ஒரு அளவும், மேலே பார்க்கும்போது கூடுதலான இன்னொரு அளவும் கிடைக்கும்.

ஆகவே மருத்துவர் தேட வேண்டியது நரம்பு சேதமாகும் இடத்தை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் சேர்ந்த பார்வை நரம்பு, விழியின் பின்சுவரில் சல்லடை போன்ற ஒரு தட்டின் துளைகள் வழியே வெளியேறுகிறது. கிளாக்கோமா தாக்குவது அங்கே. இழைகள் மடிவதோடு சல்லடையும் பின்னோக்கி வளைகிறது. அதனால் நரம்பின் தலைப்பகுதியில் இயல்பாக உள்ள குழி ஆழமாகி அகலுகிறது, அதன் விளிம்பு மெலிகிறது. பெரும்பாலும் ஓரப் பார்வை முதலில் போகும். மையப் பார்வையும் நிறமும் நெடுங்காலம் தப்பியிருக்கும். இது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

தைராய்டு கண் நோயில் நெருக்கடி பின்னால், கண்குழியின் குறுகிய முனையில். விழியை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவை அங்கேதான் வளையமாகத் தொடங்குகின்றன. நடுவே நரம்பு செல்கிறது. வீங்கிய தசைகள் அதை நெரிக்கும்போது பெரும்பாலும் நிறம்தான் முதலில் வெளிறும், குறிப்பாகச் சிவப்பு. வெளிச்சத்துக்குக் கண்பாவை சுருங்குவதும் மந்தமாகலாம். நரம்பின் தலையை உள்ளே பார்த்தால் வீங்கியிருக்கலாம், வெளிறியிருக்கலாம். பலருக்கு அது இயல்பாகவே தோன்றும் என்பதுதான் பெரிய பொறி. குழி பெரிதாகாமல் விளிம்பு மட்டும் வெளிறியிருந்தால் கிளாக்கோமாவைத் தாண்டி யோசிக்க வேண்டும். கண்குழி முனையின் நெரிசலை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும்.

பார்வைப்புலச் சோதனை மட்டும் போதாது. நெரிபட்ட நரம்பும் கீழ்ப்பகுதிப் பார்வையைப் பறித்து, கிளாக்கோமாவின் வில்வடிவக் குறையைப் போலவே காட்டக்கூடும். பிதுக்கத்தையும் அளவுகோலாக்க முடியாது. விழி முன்னே நகர்ந்தால் உள்ளே நெருக்கம் ஓரளவு தணியும். நகர முடியாத, அதிகம் பிதுங்காத கண்ணில் நரம்பு மேலும் நெரிபடக்கூடும்.

இந்த வேறுபாடு வெறும் பெயர் வித்தியாசமல்ல. கிளாக்கோமாவில் இழந்த பார்வை திரும்புவதில்லை, இருப்பதைக் காக்கலாம். நெரிபட்ட நரம்பையோ, ஸ்டீராய்டு ஊசியாலும் தேவைப்பட்டால் கண்குழியின் எலும்புச் சுவரை அகற்றும் அறுவையாலும் காலத்தில் விடுவித்தால் பெரும்பாலும் பார்வை மீளும். கிளாக்கோமாவுக்கான சொட்டு மருந்தை மட்டும் நம்பி வாரங்களைக் கழித்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். அதே ஸ்டீராய்டு கண்ணின் அழுத்தத்தைக் கூட்டி உண்மையான கிளாக்கோமாவையும் வரவழைக்கலாம் என்பதால், இரண்டையும் ஒருசேரக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

தைராய்டு கண் நோய் உள்ளவர்கள் புகைப்பதை இன்றே நிறுத்த வேண்டும். புகை இந்நோயைத் தீவிரமாக்குகிறது. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடி ஒரே சிவப்புப் பொருளைப் பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடியது. ஒரு கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு கண்ணும் ஒருசேர மங்கினால் இந்த ஒப்பீடு ஏமாற்றிவிடும். பார்வையில் எந்த மாற்றம் வந்தாலும் அதே அவசரம் தேவை.