கொள்ளிடக் கரையில் முதலைகளின் மீள்வருகை

கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, நெய்வேலிப் பகுதிகளுக்குத் தெற்கே, மாவட்டத்தின் தென் எல்லையாகக் கொள்ளிடம் ஆறு ஓடுகிறது. இந்த ஆற்றிலும் சிதம்பரம் அருகிலுள்ள பழைய கொள்ளிடத்திலும் நன்னீர் முதலைகள் வாழ்கின்றன. வேட்டையால் இந்தியா முழுவதும் அருகிப்போன இவ்விலங்கு, சட்டப் பாதுகாப்புக்குப் பின் மீண்டும் பெருகியது. அது வாழும் நீரையே மனிதர்களும் குளிக்கவும் துவைக்கவும் கால்நடைகளைக் கழுவவும் பயன்படுத்துகின்றனர். இதனால் வேளக்குடி, அகரநல்லூர், பழையநல்லூர் போன்ற கரையோர ஊர்களில் முதலை அச்சம் அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாகிவிட்டது. முதலை கடித்து உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன.

விலங்கின் இயல்பு

நன்னீர் முதலை, மக்கர் என்றும் சதுப்புநில முதலை என்றும் அழைக்கப்படுகிறது. நன்கு வளர்ந்த ஆண் முதலை 4 மீட்டருக்கும் மேல் நீளமாக இருக்கும். ஆறு, ஏரி, குளம், வாய்க்கால் என எந்த நன்னீரிலும் இது வாழும். கரையில் வளை தோண்டித் தங்கும். நீர் வற்றினால் தரைவழியே நடந்து வேறு நீர்நிலையைத் தேடும். கோடையின் தொடக்கத்தில் கரை மணலில் குழி தோண்டி, பெரும்பாலும் 25 முதல் 30 முட்டைகள் இடும். சுமார் இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவரும். அதுவரை தாய் முதலை அவ்விடத்தைக் காவல் காக்கும்.

முதலைகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களைத் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது.

அழிவும் மீட்சியும்

தோலுக்காக வேட்டையாடப்பட்டதாலும் முட்டைகள் எடுக்கப்பட்டதாலும் வாழிடம் சுருங்கியதாலும் 1970களின் தொடக்கத்தில் இந்திய முதலைகள் அழிவின் விளிம்புக்கு வந்தன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்கு உயர்ந்த நிலைப் பாதுகாப்பு அளித்தது. 1975இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியுடன் இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து, பின் நீர்நிலைகளில் விடுவது இதன் முறை. தமிழ்நாட்டில் அமராவதி, ஒகேனக்கல், சாத்தனூர் ஆகிய இடங்களில் முதலைப் பண்ணைகள் அமைந்தன. 1976இல் மாமல்லபுரம் அருகே ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய குழுவினரும் சென்னை முதலைப் பண்ணையை நிறுவினர்.

வளர்ப்பு மையங்களில் நன்னீர் முதலைகள் இடம் போதாத அளவுக்குப் பெருகின. எனவே பிற்காலத்தில் அவற்றின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. உயிரினத்தைக் காப்பதில் திட்டம் வெற்றி பெற்றது. பெருகிய முதலைகளுடன் மக்கள் எப்படி வாழ்வது என்ற கேள்வி அதன் பிறகே முன்னுக்கு வந்தது.

மோதல் ஏற்படும் விதம்

கொள்ளிடம் காவிரியின் வெள்ளநீரைக் கடலுக்குக் கொண்டு செல்லும் ஆறு. வெள்ளக் காலத்தில் கரைபுரண்டு ஓடும். கோடையில் மணல்வெளிக்கு இடையே மடுக்களாகச் சுருங்கிவிடும். இந்த இரு நிலைகளும் மனிதரையும் முதலையையும் நெருங்க வைக்கின்றன. வெள்ளத்தின்போது முதலைகள் வாய்க்கால், வயல், ஊர்க்குளம் வரை பரவுகின்றன. கோடையில், எஞ்சிய சில மடுக்களிலேயே முதலைகள், மீன்கள், கால்நடைகள், மனிதர்கள் என அனைவருக்கும் நீர் கிடைக்கிறது.

முதலை பதுங்கியிருந்து தாக்கும் விலங்கு. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, கலங்கிய நீரில் அசையாமல் கிடக்கும். எனவே இடுப்பளவு நீரில் குளிப்பவர், வலை வீசுபவர், ஆற்றைக் கடந்து புல் அறுக்கச் செல்பவர், ஆடுமாடுகளை நீருக்கு இறக்குபவர் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். வீட்டில் குழாயும் குளியலறையும் உள்ளவருக்கு இந்த ஆபத்து குறைவு. ஆற்றை நம்பி வாழும் ஏழைக் குடும்பங்களே பாதுகாப்பின் விலையைக் கொடுக்கின்றன.

பிடித்து இடம் மாற்றுதல்

ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து, சிதம்பரம் அருகேயுள்ள வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது வழக்கம். உடனடி ஆபத்தை நீக்க இது தேவை. ஆனால் நிலையான தீர்வு அன்று. முதலைகளுக்குத் தம் வாழிடத்தைத் தேடித் திரும்பும் ஆற்றல் உண்டு. ஆஸ்திரேலியாவில் இடம் மாற்றப்பட்ட உவர்நீர் முதலைகளைச் செயற்கைக்கோள் மூலம் கண்காணித்த ஆய்வு 2007இல் வெளியானது. அவற்றில் ஒன்று 400 கி.மீ.க்கும் மேல் கடலோரமாக நீந்திப் பழைய இடத்தை அடைந்தது. மேலும், ஒரு முதலையை அகற்றினால் காலியான மடுவுக்கு வேறொன்று வரக்கூடும். சிதம்பரம் பகுதியில் முதலைப் பண்ணை அமைக்க வேண்டும் என்பது மக்களின் நீண்டநாள் கோரிக்கை. பண்ணை அமைந்தாலும், ஆற்றில் இனப்பெருக்கம் தொடரும்வரை படித்துறைகளுக்குப் பாதுகாப்பு தேவைப்படும்.

பிற இடங்களின் அனுபவம்

இலங்கையின் மாத்தறையில் ஓடும் நில்வளா கங்கையில், குளிக்கும் இடத்தைச் சுற்றிக் கம்புகளை நெருக்கமாக நட்டு அடைப்பு அமைக்கின்றனர். சிங்களத்தில் இது 'கிம்புலா கொட்டுவ' எனப்படும். குஜராத்தின் சரோத்தர் பகுதியில் ஊர்க்குளங்களிலேயே முதலைகள் வாழ்கின்றன. அங்கு முதலை கொடியார் அம்மனின் ஊர்தியாக மதிக்கப்படுகிறது. மக்கள் அவற்றைச் சீண்டாமல் விலகி நடக்கின்றனர்.

முன்னெச்சரிக்கைகள்

- முதலை தென்பட்ட மடுக்களில் இறங்காதிருத்தல். குறிப்பாக அந்தி முதல் விடியல் வரை நீரோரத்தைத் தவிர்த்தல்.
- படித்துறைகளில் கம்பித் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் அமைத்தல்.
- கரையோர ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய், குளியலறை, கால்நடைத் தொட்டி ஆகியவற்றை ஏற்படுத்துதல்.
- இறைச்சி, மீன் கழிவுகளை ஆற்றில் கொட்டாதிருத்தல்.
- முதலையைக் கல்லால் அடிக்காமலும் தாமே பிடிக்க முயலாமலும் வனத்துறைக்குத் தெரிவித்தல்.

இவற்றுள் முதலைக்குத் தீங்கு தருவது எதுவுமில்லை. ஆற்றில் இறங்க வேண்டிய கட்டாயம் குறையக் குறைய, மனிதரும் முதலையும் ஒரே கரையில் வாழ்வது எளிதாகும்.